போர்வெல் வற்றிவிட்டது, 16 வீட்டுக்கு ஒரே சம்ப்: லாரித் தண்ணீரை எப்படிப் பங்கு போடுவது?

பாதிக்குடம், 23 ஜூன் 2019

எல்லோருக்கும் வணக்கம். மடிப்பாக்கத்தில் தரைத்தளத்தோடு மூன்று மாடி, 16 வீடுகள் உள்ள பழைய குடியிருப்பு எங்களுடையது. சங்கச் செயலாளர் பதவி இந்த வருடம் என்னிடம். போட்டியெல்லாம் ஒன்றுமில்லை, வேறு யாரும் கை தூக்கவில்லை.

எங்கள் தெருவுக்குக் குழாய் இணைப்பு கிடையாது. எப்போதும் போர்வெல்தான். இரண்டில் ஒன்று 2017 கோடையிலேயே போய்விட்டது. மற்றது மே மாதத்திலிருந்து காற்றைத்தான் தள்ளுகிறது. மோட்டார் போட்டால் பத்து நிமிடம் விக்கி விக்கி வரும், அப்புறம் நின்றுவிடும். எனவே முழுக்க லாரியை நம்பி இருக்கிறோம். 12,000 லிட்டர் லாரிக்கு ஐயாயிரம் கேட்கிறார்கள். போன வருடம் இதே லாரிக்கு இதில் பாதிகூடக் கொடுத்ததில்லை. அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு வந்து ஹாரன் அடிக்கிறார். நான்தான் எழுந்து போய் சம்ப் (தரைக்கடித் தொட்டி) மூடியைத் திறக்கிறேன், ஏனென்றால் வாட்ச்மேனும் தண்ணீர் இல்லாத ஊரில் எதற்கு இருக்க வேண்டும் என்று செய்யாறுக்கே போய்விட்டார்.

மொத்தம் அறுபது பேர் சொச்சம். ஒரு லாரி இரண்டு நாளைக்கு என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர். தாராளம்தானே என்று நினைத்தோம். மொட்டை மாடி டேங்க் வால்வை காலையில் முக்கால் மணி நேரம், மாலையில் அரை மணி நேரம் திறப்பது என்று பொதுக்குழுவில் முடிவு செய்தோம். ஆனால் தண்ணீர் இரண்டாம் நாள் மதியத்தையே தாண்டமாட்டேன் என்கிறது.

வால்வைத் திறந்த சத்தம் கேட்டதும் எல்லா வீட்டிலும் எல்லாக் குழாயும் திறக்கிறது. டிரம், பக்கெட், அண்டா, குக்கர், குழந்தையின் பொம்மை வாளி வரை நிரம்புகிறது. தரைத்தளத்தில் அருவிபோலக் கொட்டுகிறது, மூன்றாம் மாடியில் நூல் மாதிரி வருகிறது. அங்கே இருக்கும் வயதான தம்பதிக்கு முக்கால் மணி நேரத்தில் இரண்டு பக்கெட் தேறினால் அதிகம். இதற்கு நடுவில் பணத் தகராறு வேறு. இரண்டு பேர் வீடும் ஏழு பேர் வீடும் ஒரே தொகை கொடுப்பது என்ன நியாயம் என்று ஒரு கட்சி, மெயின்டனன்ஸ் என்றாலே வீட்டுக்கு இவ்வளவு என்பதுதானே என்று எதிர்க்கட்சி.

வீட்டுக்கு வீடு மீட்டர் போடலாம் என்றால், ஒரு வீட்டுக்கு நான்கு லைன் வருகிறது, நான்கு மீட்டர் வேண்டும் என்று பிளம்பர் சிரிக்கிறார். வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எங்கள் வீட்டிலும் தண்ணீரைக் குறைக்க யோசனை வேண்டும். இரண்டு பிள்ளைகள், அப்புறம் குளிக்காமல் சமையலறைப் பக்கம் வராத மாமியார்.

நங்கநல்லூர்வாசி, 23 ஜூன் 2019

எங்கள் கதையை அப்படியே எழுதியிருக்கிறீர்கள் மேடம். நாங்கள் மொட்டை மாடிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறோம். இல்லாவிட்டால் யாராவது நடுராத்திரியில் போய் வால்வைத் திருகிவிடுகிறார்கள். இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது, பதில்களைப் படிக்கக் காத்திருக்கிறேன்.

வால்வு வாத்தியார், 24 ஜூன் 2019

அம்மா, குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் பிளம்பிங் காண்டிராக்ட் எடுத்தவன் நான். நேரம் வைத்துத் தண்ணீர் விடுவதை முதலில் நிறுத்துங்கள். முக்கால் மணி நேரம் என்று சொன்னால் அந்த முக்கால் மணி நேரமும் குழாய் திறந்தேதான் இருக்கும். சாயங்காலம் வருமோ வராதோ என்ற பயத்தில் தேவைக்கு மேல் பிடிப்பார்கள். மறுநாள் புதுத் தண்ணீர் வந்ததும் டிரம்மில் மிஞ்சியதைப் பழசு என்று கொட்டிவிட்டு மறுபடி நிரப்புவார்கள். உங்கள் லாரியில் கால்வாசி இப்படித்தான் சாக்கடைக்குப் போயிருக்கும்.

மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். டேங்கிலிருந்து வரும் பெரிய குழாயிலிருந்து பிரிந்து, ஒவ்வொரு டக்ட் (குழாய்கள் இறங்கும் சந்து) வழியாகவும் தனித்தனி லைன் கீழே இறங்கும். ஒவ்வொன்றுக்கும் தலையில் ஒரு வால்வு இருக்கும். பாத்ரூம் லைன்களை எல்லாம் அடைத்துவிடுங்கள். சமையலறை, துணி துவைக்கும் இடத்துக்குப் போகும் லைனை மட்டும் 24 மணி நேரமும் திறந்து வையுங்கள். இனி குளியலுக்கும் கக்கூசுக்கும் அந்த ஒரே குழாயில் பிடித்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். 20 லிட்டர் பக்கெட்டைக் கையில் தூக்கி நடந்து பாருங்கள், இரண்டாவது பக்கெட் குளியலுக்கு மனசு வராது. எப்போது திறந்தாலும் தண்ணீர் வரும் என்று தெரிந்துவிட்டால் அண்டா, குக்கர் நிரப்பும் வேலையும் நாலைந்து நாளில் தானாக நின்றுவிடும்.

வால்வை அடைக்கும் முன் எல்லா வீட்டிலும் கீசர் சுவிட்சை அணைத்து, மேலே ஒரு டேப் ஒட்டச் சொல்லுங்கள். தண்ணீர் போகாத கீசரைப் போட்டால் உள்ளே சூடேற்றும் கம்பிச்சுருள் எரிந்துவிடும், பில் செயலாளருக்குத்தான் வரும். பழைய பித்தளை கேட் வால்வு இறுகிப் போயிருந்தால் ரெஞ்சு போட்டு முறுக்காதீர்கள், தண்டு உடைந்து கையோடு வரும். டேங்க் காலியாக இருக்கும் நேரம் பார்த்து கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினால் மூடும் பால் வால்வாக (ball valve) மாற்றிவிடுங்கள்.

மூன்றாம் மாடி விஷயம். டேங்குக்கும் அவர்கள் குழாய்க்கும் உயரம் கொஞ்சம்தான், அதனால்தான் வேகம் இல்லை. கீழ் வீடுகளுக்குப் பிரியும் இணைப்பில் சின்னத் துளை போட்ட வாஷர் ஒன்றை உள்ளே வைத்து இறுக்கினால் போதும். தரைத்தளத்து அருவி ஒழுங்காகிவிடும், மேலே உள்ளவர்களுக்கும் வரும். குழாய் முனையில் மாட்டித் தண்ணீரைக் குறைக்கும் ஏரேட்டர் வாங்கு என்று யாராவது சொல்வார்கள். சாலைக் குழாயின் அழுத்தத்துக்கு அது சரி. உங்கள் மேல் மாடிக்கு அதனால் பிரயோஜனம் இல்லை, லாரித் தண்ணீரின் உப்பு வேறு அதை மாதத்தில் அடைத்துவிடும்.

கடைசியாக ஒன்று. சம்பின் நீள அகலம் தெரியுமா? 10 அடிக்கு 8 அடி என்று வையுங்கள். ஒரு அங்குலம் ஏறினால் சுமார் 189 லிட்டர். 12,000 லிட்டர் உண்மையாகவே இறங்கினால் மட்டம் 5 அடி 3 அங்குலம் ஏற வேண்டும். ஒரு நீளக் குச்சியில் அங்குலம் குறித்து, லாரி வருவதற்கு முன்னும் போன பின்னும் விட்டுப் பாருங்கள்.

பச்சைக்குடம், 24 ஜூன் 2019

படித்துக்கொண்டே வந்தேன். தப்பாக நினைக்காதீர்கள் அக்கா, நீங்கள் தாராளம் என்று சொல்லும் 100 லிட்டர் எங்கள் தெருவில் யாருக்கும் கிடையாது. வியாசர்பாடியில் இருக்கிறோம். தெருமுனை சின்டெக்ஸ் டேங்கில் லாரி வந்து ஊற்றும், டோக்கன் வரிசைப்படி வீட்டுக்கு இத்தனை குடம். லாரி வரும் நேரம் தெரியாததால் வீட்டில் ஒருத்தர் வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும். அந்த ஒருத்தர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நீங்கள் கேட்டது யோசனை. பாத்திரம் தேய்ப்பதை மட்டும் சொல்கிறேன், அதிலே நிறையவே போகிறது. குழாயடியில் ஓடவிட்டுக் கழுவவே கூடாது. சாப்பிட்ட தட்டை முதலில் வழித்துத் துடைத்துவிடுங்கள், தண்ணீரே படக்கூடாது. தேய்த்த பிறகு முதல் அலசலுக்கு அரிசி, பருப்பு களைந்த தண்ணீர். அது கொஞ்சம் கொழகொழப்பாக இருந்தாலும் சோப்பை நன்றாக எடுக்கும். அப்புறம் இரண்டு டப்பில் நல்ல தண்ணீர். முதல் டப் கலங்கியதும் அது கக்கூசுக்கு, இரண்டாவது டப் முதல் டப்பாக மாறும், புதுத் தண்ணீர் இரண்டாவதுக்கு. ஐந்து பேர் பாத்திரத்தை ஒரே குடத்தில் முடிக்கலாம். எண்ணெய்ப் பாத்திரத்தைக் கடைசியில் போடுங்கள், முதலில் போட்டால் எல்லாம் பிசுக்கு.

துணியையும் இப்படித்தான். வெள்ளைச் சட்டை அலசிய தண்ணீரில் கலர் துணி, அதில் மிதியடி, அது வாசலுக்கு.

மேசைமலை, 26 ஜூன் 2019

2018 தொடக்கத்தில் வேலை நிமித்தம் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் இருந்தேன். மூன்று வருடம் தொடர்ந்து மழை பொய்த்து அணைகள் தரை தட்டிய நேரம். பிப்ரவரி 1 முதல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று உத்தரவு. அதற்கு முன் 87 லிட்டர். குழாய்களை மொத்தமாக மூடிவிட்டு, வரிசையில் நிற்கவைத்து ஆளுக்கு 25 லிட்டர் கொடுக்கப்போகும் நாளுக்கு அவர்கள் வைத்த பெயர்தான் ‘டே ஜீரோ’. இப்போது நம் செய்திகளிலும் அடிபடுகிறது. அங்கே அந்த நாள் கடைசி வரை வரவில்லை. ஏப்ரல் என்றார்கள், தள்ளித் தள்ளிப் போனது, பிறகு குளிர்கால மழை பெய்துவிட்டது.

வாத்தியார் ஐயா சொல்வதை நான் அங்கே கண்ணால் பார்த்தேன். பெரும்பாலான வீடுகளில் குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர் வந்தது. கட்டுப்பாடு அளவில்தான், நேரத்தில் அல்ல. ஒவ்வொரு வீட்டுக்கும் மீட்டர். மிக அதிகமாகச் செலவழித்தவர்கள் வீட்டில் தண்ணீரைக் குறைத்துவிடும் கருவியை மாட்டினார்கள். குறைவாகச் செலவழித்த வீடுகளுக்கு மாநகராட்சியின் இணைய வரைபடத்தில் பச்சைப் புள்ளி. பக்கத்து வீட்டுக்காரர் பச்சை, நாம் இல்லை என்றால் சும்மா இருப்போமா? உங்கள் குடியிருப்பில் ஒரு போர்டு வைத்து தினமும் சம்ப் மட்டத்தை எழுதிப் போடுங்கள். யாரையும் பெயர் சொல்லித் திட்ட வேண்டாம், எண்ணை எழுதினால் போதும்.

50 லிட்டரை எப்படி ஓட்டினேன் என்றால், குளியல் ஒரு சின்ன வாளி, அதுவும் ஒரு பெரிய பேசினுக்குள் நின்றுகொண்டு. பேசினில் சேர்ந்தது முழுக்க ஃபிளஷுக்கு. சோப்புத் தண்ணீரை ஒரு நாளைக்கு மேல் வைக்காதீர்கள், நாற்றம் வீட்டை விட்டுப் போகாது. சிறுநீர் கழித்தால் ஒவ்வொரு முறையும் ஃபிளஷ் பண்ணுவதில்லை என்பது அங்கே ஊரறிந்த பழக்கம். அலுவலகக் கழிப்பறையில்கூட எழுதி ஒட்டியிருந்தார்கள். முதல் வாரம் அருவருப்பாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

பச்சைக்குடம் சொன்னதற்கும் ஒரு வார்த்தை. அங்கேயும் குடிசைப் பகுதிகளில் பொதுக்குழாய்தான். அங்கிருந்தவர்களுக்கு 50 லிட்டர் ஒரு செய்தியே இல்லை, அதற்கும் குறைவாகத்தான் எப்போதும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

பாதிக்குடம், 30 ஜூன் 2019

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பச்சைக்குடம், உங்கள் டப் முறை எங்கள் வீட்டில் அமலுக்கு வந்துவிட்டது. மாமியார் அதைப் பார்த்துவிட்டு, இதைப் போய் புதுசாகக் கற்றுக்கொள்கிறாயா என்று கேட்டார். சின்ன வயதில் ராமநாதபுரம் பக்கம் ஊருணித் தண்ணீரில் வளர்ந்தவர். குளிக்காமல் சமையலறைக்கு வரமாட்டார்தான், ஆனால் நான் பயந்தது வீண். ஒரு சொம்பை எப்படித்தான் பிடிக்கிறாரோ, அரை பக்கெட்டில் தலை முதல் கால் வரை நனைந்து முடிகிறது. பிரச்சினை என் பெரிய பையன்தான், ஷவரில் நின்றால் உலகம் மறந்துவிடும். பாத்ரூம் லைனை அடைத்ததில் அது தீர்ந்தது.

ஆமாம், அடைத்துவிட்டோம். ஒரு வால்வு வாத்தியார் சொன்ன மாதிரியே சுற்ற மறுத்தது, மாற்றினோம். முதல் இரண்டு நாள் என் போன் ஓயவில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் எப்படித் தூக்குவார்கள் என்ற கேள்வி நியாயமானது. மூன்றாம் மாடித் தம்பதிக்கு பாத்ரூமில் ஸ்டூல் போட்டு, குழாய் வைத்த டிரம் ஒன்றை ஏற்றி வைத்தோம். எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன் காலையில் நிரப்பிவிட்டுப் போகிறான்.

குச்சி விட்டுப் பார்த்தேன். எங்கள் சம்பும் கிட்டத்தட்ட நீங்கள் சொன்ன அளவுதான். லாரி போன பின் ஏறியது நாலரை அடி! டிரைவரிடம் குச்சியைக் காட்டினேன், வழியில் சிந்தியிருக்கும் என்றார். அடுத்த லாரி ஐந்தடியைத் தாண்டிவிட்டது.

புதுச் சந்தேகம் ஒன்று. தண்ணீர் வரும்போது தெளிவாக இருக்கிறது, டிரம்மில் வைத்தால் அடியில் மஞ்சளாகப் படிகிறது. குடிக்க கேன்தான் வாங்குகிறோம், சமைக்கவும் குளிக்கவும் இது பரவாயில்லையா?

வால்வு வாத்தியார், 1 ஜூலை 2019

மஞ்சள் பெரும்பாலும் இரும்பு. ஆழத்துத் தண்ணீர் காற்று பட்டதும் அப்படிப் படியும். அசைக்காமல் விட்டு மேலாக மொண்டால் குளிக்க, துவைக்கப் போதும். சமையலுக்கும் கேன் தண்ணீரோ, நன்றாகச் சுத்திகரித்ததோ நல்லது. எங்கே பிடித்தது என்று லாரிக்காரருக்கே சில நேரம் தெரியாது. சம்பில் 1,000 லிட்டருக்கு 4 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடர் போடுங்கள், உங்கள் லாரிக்கு ஐம்பது கிராம் அளவு. அப்படியே தூவக்கூடாது. பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல் தண்ணீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து மோட்டார் போடுங்கள்.

டிரம் வைத்திருக்கும் எல்லோரும் வாரம் ஒரு முறை காலி செய்து உள்சுவரை நாரால் தேய்க்க வேண்டும். டெங்கு கொசு முட்டை தண்ணீரில் மிதக்காது, மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரை மட்டும் மாற்றினால் அது போகாது. மூடி இல்லாத டிரம்முக்குப் பழைய வேட்டியை இறுக்கிக் கட்டுங்கள்.

ஆர்.ஓ. சுத்திகரிப்பு மெஷின் வைத்திருப்பவர்கள் கழிவுக் குழாயை ஒரு பக்கெட்டில் விடட்டும். ஒரு லிட்டர் சுத்தமாக வர, மூன்று லிட்டர் வரை வெளியே போகிறது. தரை துடைக்க, கக்கூசுக்கு நல்லது. செடிக்கு வேண்டாம், உப்பு ஏறிவிடும். செடிக்கு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை ஊற்றுங்கள். ஃபிளஷ் டேங்க் ஒழுகுகிறதா என்று அப்புறம் பாருங்கள், லைன் திறக்கும் காலத்தில் தேவைப்படும். பீட்ரூட் வேகவைத்த தண்ணீரை அதில் ஊற்றி, ஃபிளஷ் பண்ணாமல் அரை மணி நேரம் விடுங்கள். கோப்பையில் சிவப்பு இறங்கினால் உள்ளே ரப்பர் போய்விட்டது.

பாதிக்குடம், 14 ஜூலை 2019

முந்தாநாள் ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். 50 வேகன், 25 லட்சம் லிட்டர், மாலை மரியாதை எல்லாம். ஊருக்கு வழக்கமாகக் கொடுக்கும் 83 கோடி லிட்டரை 52.5 கோடியாகக் குறைத்திருக்கும் நேரத்தில் அது எத்தனை பேருக்கு வரும் என்று என் சின்ன மகன் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். எங்கள் தெருவுக்கு எப்படியும் வராது.

இங்கே நிலவரம்: ஒரு லாரி இப்போது இரண்டு நாளைத் தாண்டி மூன்றாம் நாள் காலை வரை இழுக்கிறது. மாடிப்படிக்குக் கீழே கரும்பலகை வைத்து சம்ப் மட்டத்தை எழுதுகிறோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சரசரவென்று இறங்குகிறது, எல்லோரும் அன்றைக்குத்தான் வாஷிங் மெஷின் போடுகிறார்கள். வீடுகளுக்கு நாள் பிரித்துக் கொடுக்கப் போகிறேன். பணத் தகராறில் பாதி வீட்டுக் கணக்கு, பாதி தலைக்கணக்கு என்று சமரசம். இரண்டு கட்சிக்கும் திருப்தியில்லை, எனவே சரியான தீர்ப்பாகத்தான் இருக்க வேண்டும்.

வாத்தியார் ஐயா, மழைநீர் சேகரிப்புக் குழி எங்கள் கட்டடத்திலும் உண்டு. 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கியபோது போட்டது. வேலை செய்கிறதா என்று யாருக்கும் தெரியாது. அக்டோபருக்குள் என்ன செய்யலாம்?

வால்வு வாத்தியார், 15 ஜூலை 2019

குழியைத் திறந்து மணல், ஜல்லி எல்லாவற்றையும் வெளியே அள்ளுங்கள். சேறு ஏறி இறுகியிருக்கும். கழுவி மறுபடி போடலாம், மணலை மட்டும் புதிதாக வாங்குங்கள். அதைவிட முக்கியம், மாடித் தண்ணீரின் ஒரு பகுதியை வடிகட்டி வழியாக நேரே சம்புக்குத் திருப்புவது. மொட்டை மாடி 3,000 சதுர அடி இருந்தால் ஒரு சென்டிமீட்டர் மழைக்கே 2,700 லிட்டருக்கு மேல் விழும். சராசரியாக வருடம் 140 சென்டிமீட்டர் பெய்யும் ஊர் அம்மா இது. நல்ல வருடத்தில் உங்கள் மாடியில் விழுவது முப்பது லாரிக்கு மேல். குழாயில் T வடிவ இணைப்பு ஒன்று போட்டு மூடி வையுங்கள். முதல் மழையின் முதல் பத்து நிமிடத்தைத் திறந்து வெளியே விட வேண்டும், புறா எச்சம் எல்லாம் அதில்தான் வரும்.

பாதிக்குடம், 15 ஜூலை 2019

சரி ஐயா, வருகிற ஞாயிறு கொத்தனாருக்குச் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் குழி மூடிக்கு மேல்தான் இரண்டாம் மாடிக்காரர் பல வருடமாகக் கார் நிறுத்துகிறார். பார்க்கிங் தன் பெயரில் பத்திரத்தில் இருக்கிறது என்கிறார். குழி அதற்கு முன்பே இருந்தது என்று காட்ட பழைய பிளான் காப்பி எங்கே கிடைக்கும், யாருக்காவது தெரியுமா?